பிரான்சில் இருக்கும் லூர்து நகருக்குத் தனியாகப் போய்வர முடியுமா? வயது 61

மலைக்கோட்டை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்று ஒரு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது.

திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கல்யாணம் நடந்தது தெப்பக்குளம் பக்கத்தில் இருக்கும் லூர்து மாதா கோவிலில். வீட்டுக்காரர் ஒவ்வொரு பிப்ரவரி 11 திருநாளுக்கும் என்னைக் கூட்டிப்போய், "ரிட்டயர் ஆனதும் மாதா காட்சி கொடுத்த இடத்துக்கே போய்வருவோம்" என்பார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் தவறிவிட்டார். அந்தப் பயணத்துக்கென்றே அவர் போட்டுவைத்த டெபாசிட் சென்ற மாதம் முதிர்ந்து, பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

மகன் பெங்களூரில் இருக்கிறான். லீவு கிடைக்காது. "டூரோடு போங்கம்மா, தனியாக வேண்டாம்" என்கிறான். விசாரித்த டூரில் 11 நாளில் பாத்திமா, லூர்து, ரோம், அசிசி, பதுவா எல்லாம் உண்டு. ஆனால் லூர்தில் ஒரே ஓர் இரவு. மாலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை கிளம்புகிறார்கள். எனக்கு மற்ற ஊர்கள் வேண்டாம். லூர்து மட்டும் போதும்.

பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலம் பேசிச் சமாளிப்பேன். வலது முழங்காலில் தேய்மானம், ஏற்றம் ஏறினால் வலிக்கும். விமானத்தில் போனது ஒரே தடவை, அதுவும் டெல்லிக்கு. தனியாகப் போகும் விதவைக்கு விசா தருவார்களா? மே மாதம் போக ஆசை. மாதா வணக்கமாதம் என்பதும் உண்டு, 14ஆம் தேதி எங்கள் கல்யாண நாள்.

போய்வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லுங்கள்.

பெரம்பூர் ராயன்

டீச்சரம்மா, நான் 2019இல் குழுவோடு போனவன். உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூடவே ஃபாதர் வந்தார், தினமும் தமிழில் பூசை. பதுவாவில் ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது ஓடிப்போய்ப் பார்க்க இருபது பேர் இருந்தோம். தனியாக இருந்தால் அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்று இப்போதும் நினைப்பேன்.

ஆனால் உண்மை கேட்டீர்களே, அதையும் சொல்கிறேன். லூர்தில் கெபி முன்னால், அதாவது மாதா காட்சி கொடுத்த பாறைக் குகை முன்னால், நான் முழங்காலில் நின்றது ஆறோ ஏழோ நிமிடம். பஸ் கிளம்பும் நேரம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு அம்மாவிடம் சரியாகப் பேசாமல் வந்த குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

முட்டம் கடற்கரை

டீச்சர் அக்கா, 2023 செப்டம்பரில் நான் தனியாகப் போய் லூர்தில் நான்கு இரவு தங்கிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு வயது 56. குவைத்தில் நர்சாக இருந்ததால் விமான நிலையம் பழகியதுதான். ஐரோப்பா அதுதான் முதல் தடவை. பிரெஞ்சில் மெர்சியும் போன்ஜூரும் மட்டும் தெரியும்.

தனியாகவே போங்கள். ராயன் அண்ணன் சொன்ன அந்த ஆறேழு நிமிடம்தான் காரணம். லூர்தில் கெபி முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு வேலை. அதற்கு யாரும் நம்மை மணி பார்த்துக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

முதல் நாள் ராத்திரி நான் கண்டதைச் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தினமும் இரவு 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி உண்டு. கையில் மெழுகுதிரி, காற்றில் அணையாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு காகிதக் கூடு. கூட்டிலேயே பாட்டின் அடிகள் அச்சடித்திருக்கும். "ஆவே ஆவே" என்று வரும்போது ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாக மேலே போகும். நம் பங்குக் கோவில்களில் பாடும் அதே மெட்டு. ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணியையும் ஒவ்வொரு மொழியில் சொல்வார்கள். மூன்றாவது பத்தில் ஒலிபெருக்கியில் "நன்ம நிறஞ்ஞ மரியமே" என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு குழு. எங்கள் குமரி மாவட்டத்துக்காரிக்கு மலையாளம் புரியாதா? அழுதுகொண்டே பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற இத்தாலியக் கிழவி ஒன்றும் கேட்கவில்லை, என் அணைந்துபோன திரியைத் தன் திரியில் பற்றவைத்துக் கொடுத்தார்.

பவனி முடிந்து கூட்டம் ஹோட்டல்களுக்குப் போய்விடும். போகாமல் இருங்கள் அக்கா. பத்தரை மணிவாக்கில் கெபிக்குப் போங்கள். எதிரே காவ் தெ போ ஆறு இரைந்துகொண்டு ஓடும். பெஞ்சுகளில் ஆங்காங்கே ஓரிருவர். வரிசையில் நிற்காமல் பாறையை ஒட்டி நடக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பாறையைத் தடவிக்கொண்டே போகிறார்கள். மாதா காட்சி கொடுத்த 1858லிருந்து தடவித் தடவி, கை எட்டும் உயரத்தில் பாறை கறுத்து, பழைய அம்மிக்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. மேலே எட்டாத இடத்தில் சொரசொரப்பு அப்படியே. கையை வைத்தேன், ஈரம், ஜில்லென்று. உள்ளே இடப்பக்கம் தரையில் கண்ணாடிக்கு அடியில் ஊற்று தெரியும், விளக்குப் போட்டிருக்கிறார்கள். மாதாவைக் கண்ட சிறுமி பெர்னதெத் விரலால் மண்ணைக் கிளறிய இடம் அது. மாதா சொரூபம் வலப்பக்கம் உயரத்தில் ஒரு பொந்தில் இருக்கும். நான் அன்று ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா இறந்தபோது குவைத்திலிருந்து வர முடியாமல் போனது, அதை யாரிடமும் நான் சொன்னதே இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். குழுவோடு போயிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மொழி தெரியாதே என்றீர்கள். பெர்னதெத்துக்கும் அப்போது பிரெஞ்சு சரியாக வராது அக்கா. அவள் பேசியது அந்த மலைப்பக்கத்து வட்டாரமொழி. எழுதப் படிக்கத் தெரியாத, ஆஸ்துமாக்காரப் பிள்ளை, வயது 14. மாவு அரைக்கும் ஆலையை இழந்த அப்பா, வாடகை கொடுக்க வழியில்லாமல் குடும்பத்தோடு குடியிருந்தது பழைய சிறைக்கூடத்தில் ஒரு அறை. காஷோ என்பார்கள், இன்றும் காட்டுகிறார்கள், உள்ளே போனால் ஆறு பேர் எங்கே படுத்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பிள்ளையிடம் மாதா மூன்றாவது காட்சியில், பிப்ரவரி 18ஆம் தேதி, முதன்முதலாக வாய் திறந்து பேசினார்கள். அவளுடைய அதே மொழியில். அதுவும் எப்படி? "தயவு செய்து பதினைந்து நாள் இங்கே வருவீர்களா?" என்று, நாம் பெரியவர்களை "நீங்கள்" என்போமே, அப்படி. அதுவரை அந்த ஏழைப் பிள்ளையை யார் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? தன்னை ஒரு மனுஷியாக மதித்துப் பேசினார்கள் என்று பெர்னதெத்தே பின்னால் சொல்லியிருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மொழிப் பயம் எனக்குப் போயே போய்விட்டது. நடைமுறைக்கும் கவலை இல்லை. திருத்தலத்தின் தகவல் மையத்தில் ஆங்கிலம் பேசுவார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை புதன்தோறும் ஞாயிறுதோறும் காலையில் பத்தாம் பயஸ் பசிலிக்காவில் பல மொழிகளில் சர்வதேசப் பூசை. தரைக்கு அடியில் கட்டிய கோவில் அது, இருபதாயிரம் பேருக்குமேல் கொள்ளும்.

அடுத்தது ஊற்றுத் தண்ணீரில் முங்குகிற தொட்டி. முன்பெல்லாம் முழுதாக முங்குவார்கள். கொரோனாவுக்குப் பிறகு நான் போன சமயத்தில் பெரும்பாலோருக்கு வேறு முறை. திரைக்கு உள்ளே இரண்டு தொண்டர் அம்மாக்கள் நின்றார்கள். ஒருவர் ஜக்கிலிருந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார், கைகளைக் கழுவினேன். மறுபடி ஊற்றினார், முகம் கழுவினேன். மூன்றாவது தடவை குடித்தேன். துண்டு தர மாட்டார்கள், துடைக்கவும் கூடாது, தானாகக் காய வேண்டும். "ஊற்றுக்குப் போய்க் குடியுங்கள், கழுவிக்கொள்ளுங்கள்" என்று பிப்ரவரி 25ஆம் தேதி மாதா சொன்னதைத்தான் அப்படியே செய்கிறோம். அன்று முகமெல்லாம் சேறோடு திரும்பிய பெர்னதெத்தைப் பார்த்துக் கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்றார்களாம். ஊற்றிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், அயர்லாந்துக்காரர், வருடா வருடம் சொந்தச் செலவில் வந்து ஒரு வாரம் வேலை செய்கிறாராம். என் நெற்றியைத் தொட்டு என் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து வெகுநேரம் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முழங்கால் விஷயம். திருத்தல வளாகம் சமதளம். நோயாளிகளுக்காகவே அமைந்த ஊர் என்பதால் சாய்தளங்களும் உண்டு. மலைமேல் ஆளுயர இரும்புச் சிலைகளோடு ஒரு சிலுவைப்பாதை இருக்கிறது, அதற்குப் போகாதீர்கள், செங்குத்து ஏற்றம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் வெள்ளைச் சலவைக்கல்லில் இன்னொரு சிலுவைப்பாதை செய்திருக்கிறார்கள், நடக்க முடியாதவர்களுக்கென்றே. அது போதும். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து வளாகத்துக்கு இறக்கம், திரும்பும்போது அதுவே ஏற்றம். பெட்டியோடு வேண்டாம், டாக்சி பிடியுங்கள்.

விசா. தனியாகப் போகும் பெண்ணுக்கு நிச்சயம் தருகிறார்கள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு, அந்த டெபாசிட் பத்திரம், வீட்டுவரி ரசீது, மகனிடமிருந்து ஒரு கடிதம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் இப்போது 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் தேதி கிடைப்பது கஷ்டம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஏன் போகிறேன் என்ற கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கதையை இங்கே எழுதியது மாதிரியே எழுதலாம். நான் ஒரு ஏஜென்டிடம் 6,000 ரூபாய் கொடுத்தேன். அவர் போட்டுக் கொடுத்த ஹோட்டல் பதிவில் என் பெயரிலும் பிழை, தேதியிலும் பிழை. கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக நானே உட்கார்ந்து எல்லாம் மறுபடி போட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், அது போதும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று. பாரிஸில் இறங்கும் அன்றே லூர்து ரயிலுக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரப் பயணம். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். நான் நிலையத்துக்குள் ஓடும்போது ரயில் போய்விட்டது. சலுகை டிக்கெட், பணம் போனது போனதுதான். கையில் பெட்டியோடு நின்று அழுதேன் அக்கா, மறைக்கவில்லை. அடுத்த ரயிலுக்கு இருமடங்கு கொடுத்து, ராத்திரி பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். நீங்கள் பாரிஸில் ஒரு இரவு தூங்கிவிட்டுக் காலை ரயிலில் போங்கள்.

லாச்சப்பல்

வணக்கம் அம்மா. ஊர் மன்னார், 24 வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். சிறுவயதில் மடு மாதாவிடம் போனது போல இங்கே வந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை லூர்து மாதாவிடம் போய்வருவோம்.

முட்டம் அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் வழியை மட்டும் சொல்கிறேன். விமான நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி ரயில் எடுத்துக் கார் து நோர் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும். இடியப்பம், சொதி, தோசை எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கதைக்கலாம். பயணக் களைப்புக்கு அந்த ஒரு நேரச் சாப்பாடே பெரிய ஆறுதல். அந்தப் பக்கமே ஒரு அறை எடுத்துத் தங்கி, காலையில் 4ஆம் இலக்க மெட்ரோ எடுத்தால் மாறாமல் நேரே மோன்பர்னாஸ்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து இரவு ரயில் லூர்து போகிறது. படுத்துக்கொண்டே போகலாம், பெண்களுக்கு மட்டுமான அறைப்பெட்டி கேட்டு எடுக்கலாம்.

மெட்ரோவில் கைப்பையை முன்பக்கம் வையுங்கள். கடவுச்சீட்டும் காசும் உடம்போடு இருக்கட்டும். யாராவது பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தால் நிற்காமல் நடவுங்கள். அவசரம் என்றால் 112.

மே மாதத்தில் ஒன்று கவனியுங்கள். அந்த மாதம் சர்வதேச ராணுவத்தினரின் திருப்பயணம் ஒன்று நடக்கும். 1958இல் தொடங்கியது. பல நாட்டுப் படையினர் சீருடையில், பாண்டு வாத்தியத்தோடு வருவார்கள். பார்க்க நல்ல காட்சி, ஆனால் அந்தக் கிழமை ஹோட்டல்களில் இடம் இராது. அந்த வருடத் தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

மலைக்கோட்டை டீச்சர்

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது. முட்டம் தங்கச்சி எழுதியதை நேற்று ராத்திரி மகனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பாறையைத் தடவுகிற இடம் வந்ததும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிம்மா, பாரிஸ் வரைக்கும் வீல்சேர் உதவி போட்டு டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்றான்.

இன்னும் இரண்டு கேள்வி. அவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு அவருடைய ஜெபமாலைப் பெட்டியில் இருக்கிறது. வேண்டுதல் சீட்டு. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. அதை அங்கே வைக்க இடம் உண்டா? அப்புறம், பங்கில் எல்லோரும் லூர்துத் தண்ணீர் கேட்கிறார்கள். எவ்வளவு கொண்டுவர முடியும்?

முட்டம் கடற்கரை

உண்டு அக்கா. கெபிக்கு உள்ளேயே வேண்டுதல் சீட்டுப் போடுகிற பெட்டி இருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டாம், அப்படியே போடுங்கள். பகலில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விட மாட்டார்கள். நான் சொன்ன அந்த ராத்திரி நேரத்தில் போய்ப் போடுங்கள். அவர் பெயரில் ஒரு மெழுகுதிரியும் ஏற்றுங்கள். ஆற்றுக்கு அக்கரையில், கெபிக்கு நேர் எதிரே அதற்கென்று மண்டபங்கள் கட்டியிருக்கிறார்கள். சின்னத் திரியிலிருந்து ஆள் உயரத் திரிவரை உண்டு. 14ஆம் தேதி மாலையில் ஏற்றினால் பவனிக்குப் போகும்போது இக்கரையிலிருந்து எரிவது தெரியும்.

தண்ணீருக்குக் காசு இல்லை. கெபிக்குப் போகும் வழியில் பாறையோரம் வரிசையாகக் குழாய்கள். கடைகளில் மாதா வடிவப் பாட்டில் விற்பார்கள், மூடி நீலக் கிரீடம், அதில் ஒழுகும். வெள்ளை பிளாஸ்டிக் கேனாக வாங்குங்கள். கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிக்கு நடுவில் வையுங்கள். நான் டேப் ஒட்டாமல் விட்டதில் பாதிக் கேன் என் சேலைகளுக்குப் போய்விட்டது. மீதியை எங்கள் பங்கில் சின்னச் சின்ன மருந்துப் பாட்டிலில் ஊற்றி நாற்பது வீட்டுக்குக் கொடுத்தேன். ஐந்து லிட்டருக்குமேல் ஆசைப்படாதீர்கள், அந்த முழங்காலோடு பெட்டி இழுக்க முடியாது.

மே மாதமும் ராத்திரி குளிரும், பிரனீஸ் மலையடிவாரம் என்பதால் திடீர் திடீரென்று மழை வேறு. நல்ல ஸ்வெட்டர், தொப்பி வைத்த மழைக்கோட்டு, வழுக்காத ஷூ. குடை வேண்டாம், ஒரு கையில் திரி, மறு கையில் ஜெபமாலை, குடையை எங்கே பிடிப்பீர்கள்? பருப்புப்பொடி ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். விசா மையத்தில் தேதி கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், கடிதத்தைப் பார்த்துத் தருகிறேன்.

மலைக்கோட்டை டீச்சர்

பாஸ்போர்ட் எடுத்துப் பார்த்தேன். அடுத்த ஜூலையோடு முடிகிறது. முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டுமாம். வரும் வியாழக்கிழமை காலை 10.15க்கு நேரம் கிடைத்திருக்கிறது, போய்விட்டு வந்து எழுதுகிறேன். சீட்டை ஜெபமாலையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துவிட்டேன்.